ஆறாம் வார்டு சிஸ்டர்

ஜொகூர் மாநிலத்தில் மோடத்துக்குக் காய்ச்சல் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி எங்கள் சிஸ்டர்தான். புறங்கையை மோடத்தின் தலைமேல் வைப்பார். கண்ணை மூடுவார். சுற்றி நிற்கும் நாங்கள் மூச்சு விடவும் யோசிப்போம். பிறகு கண்ணைத் திறந்து, “சுடுது. சும்மா விடக்கூடாது” என்பார். அந்த ஒரு சொல்லிலேயே பாதி குணமாகிவிடும். மோடத்துக்கு இல்லை, எங்களுக்கு.

அவருடைய பெயர் என்ன என்று எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அரசாங்க மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக உயர்ந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். கட்டிய கணவர் சேவியர் அங்கிளே அவரை “சிஸ்டர், சோறு ஆச்சா?” என்றுதான் கேட்பார். மனைவியை இப்படி அழைப்பது முறையா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். “நான் கால் ஒடிஞ்சு வார்டுல கிடந்தப்பதான் தம்பி அவங்கள மொதல்ல பார்த்தேன். அன்னிக்குப் பழகினது. இன்னிக்கு வரைக்கும் பயம் போகல” என்றார்.

ஓய்வுபெற்ற பிறகும் சிஸ்டர் எதையும் விடவில்லை. வெள்ளைக் கேன்வாஸ் காலணி, நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், கையில் ஒரு பித்தளைக் கைமணி. வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்ததும், நகர மனமில்லாத சொந்தபந்தங்களை விரட்டுவதற்கு அவர் ஆட்டிய மணி அது. பிரிவுபசாரத்தில் அதையே பரிசாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் மகன் தொலைபேசியிலேயே மோடத்தின் உள்விவகாரங்களைச் சொல்லிக்கொடுத்தான். சிஸ்டர் தம் வீட்டு வைஃபையைத் தாமே சரிசெய்தார். அன்றோடு எங்கள் வரிசை முழுவதும் அவருடைய வார்டாகிவிட்டது.

அவருடைய வைத்தியத்தில் முதல் கட்டம் விசாரணை. கணினிப் பக்கமே திரும்பமாட்டார். வீட்டுக்காரரைத்தான் நிற்க வைத்துக் கேட்பார்.

“கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?”

“நேத்து காலையில சிஸ்டர்.”

“அதுக்கப்புறம் வீட்ல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலையே.”

“ஒண்ணும் நடக்காமலா பேஷண்ட் படுத்துக்கும்? யோசிச்சுச் சொல்லு லா!”

எதிர்வீட்டுக் காமாட்சி அக்கா இந்தக் கேள்விக்கு ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னார். சிஸ்டர் நேராக மோடம் இருக்கும் மூலைக்குப் போனார். முந்தின நாள் ஆயுத பூஜை. தையல் மெஷினுக்கும் காருக்கும் வைத்தது போக மிச்சமிருந்த சந்தனத்தை அக்கா மோடத்துக்கும் அப்பியிருந்தார். காற்றுப் போகும் ஓட்டை ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், கழுத்தில்லாத அந்தப் பெட்டிக்கு ஒரு சாமந்தி மாலை. பெட்டி அடுப்புக்கல்லாகக் கொதித்தது.

“மூக்கு வாயெல்லாம் அடைச்சு, நெத்தியில பொட்டும் வச்சு, மாலையும் போட்டுட்டீங்க. உயிரோட இருக்கறப்பவே இது தேவையா காமாட்சி?” என்றார் சிஸ்டர்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிஸ்டர் மின்சாரத்தைப் பிடுங்கி, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்து, சிறிது நேரம் ஆறவிட்டு, மறுபடி உயிர் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்ததும் மணியை ஒரு தடவை ஆட்டினார். டிஸ்சார்ஜ் என்று அர்த்தம்.

கோடி வீட்டுப் பெரியசாமி அண்ணன் கதை வேறு. திருடன் கொண்டுபோய்விடுவான் என்று மோடத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, லைன் வரவில்லை என்று லைன்காரர்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் பீரோவைத் திறக்கச் சொன்னார். அண்ணன் தயங்கினார்.

“பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டு, ஏன் பேசமாட்டேங்குதுன்னா என்ன சொல்றது?”

மோடம் வெளியே வந்த பிறகும் அவருடைய மடிக்கணினிக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. சிஸ்டர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கித் திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே குட்டியாக ஒரு விமானப் படம். அண்ணன் துடைக்கிறேன் பேர்வழி என்று விசைப்பலகையை ஈரத்துணியால் தேய்த்ததில், வைஃபையை அணைக்கும் பொத்தான் அமுங்கியிருந்தது.

“பேஷண்ட் ஃப்ளைட் ஏறிட்டாரு” என்று ஒற்றை விரலால் அழுத்தினார். விமானம் இறங்கியது. அண்ணன் வீட்டில் அன்றைக்குப் பால் விடாத கோப்பி ஓ, சீனியும் இல்லாமல். சிஸ்டர் வாங்கும் கூலி அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் மேலே அவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. ஒவ்வொரு வீட்டு மோடமும் காற்றில் ஏதோ ஒரு தடத்தில்தான் பேசும். சேனல் என்பார்கள். ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டிருக்கும். மோடத்தின் உள்பக்கத்துக்குள் நுழைந்தால் அதை நாமே மாற்றிக்கொள்ளலாம். சிஸ்டர் முதன்முதலாக அந்த எண் வரிசையைப் பார்த்தபோது ஆறு என்ற இடத்தில் அவர் கண் நின்றுவிட்டது. மருத்துவமனையில் அவர் ஆண்ட வார்டு ஆறாம் வார்டு. கைவிடப்பட்ட கேஸ்களையெல்லாம் டாக்டர்களே அங்கேதான் அனுப்புவார்களாம்.

“ஆறுல போட்டேன்னா பொழைச்சுக்கும். என் சர்வீஸ்ல பார்த்தது” என்பார். அதை எதிர்த்துப் பேசுகிற தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது. எந்த வீட்டு மோடம் முனகினாலும் கடைசி மருந்தாக ஆறாம் வார்டில் சேர்த்துவிட்டுத்தான் மணியடிப்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்வது என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழி கூவுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்து, கடற்பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களோடு புகை குடித்து, மழையில் நனைந்து, திரும்பி வரும்போது மறுபடி அதே பாலம், அதே புகை. என் மகள் கயல் பிறந்ததிலிருந்து நான் அவளைப் படுத்த நிலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். பிள்ளை உயரமா குள்ளமா என்று யாராவது கேட்டால் நீளம்தான் சொல்லத் தெரியும்.

தொற்றுக்காலத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்தது. கயலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுக்கு ரசம் பிடிக்காது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். இந்தச் சுகத்தில் மண் விழுந்தது வைஃபையால். சமையலறைக்குப் பக்கத்து அறையில் என் கணினி. வீடியோ கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் போதும், திரையில் அப்படியே சிலையாகிவிடுவேன். என் மேலதிகாரி சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்மணி, கண்டிப்பானவர். ஒரு நாள் நறுக்கென்று சொல்லிவிட்டார்.

“ரவி, பள்ளி லீவு முடிஞ்ச செவ்வாக்கிழமை வருஷக் கணக்கு மீட்டிங். ஃபுல்லா நீங்கதான் பேசணும். அன்னிக்கும் லைன் கட்டாச்சுன்னா, அடுத்த நாள்லேருந்து ஆபீசுக்கே வந்துடுங்க.”

எனக்குப் பாலம் கண்முன்னே நீண்டது.

கைபேசியிலிருந்து லைன் எடுக்கலாமே என்பீர்கள். எங்கள் தாமான் கடலோரம். கைபேசி திடீரென்று அக்கரை லைனைப் பிடித்துக்கொண்டு, தான் சிங்கப்பூரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், பில் எகிறிவிடும். முன்னறையிலிருந்து கேபிள் இழுக்கலாமே என்பீர்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார். அதைவிட முக்கியம், சிஸ்டர் விடமாட்டார்.

“டியூப் மாட்டறது கடைசிக் கட்டத்துல தம்பி. தானா மூச்சு விடற பேஷண்டுக்கு எதுக்கு டியூப்?”

என் மோடம் சிஸ்டரின் நேரடிக் கண்காணிப்பில் வந்தது. மீன்தொட்டிக்குப் பின்னால் இருந்ததை உயரத்துக்கு மாற்றினார். தண்ணீர் அலையைக் குடித்துவிடுமாம். என் மனைவி மாலா மைக்ரோவேவ் அடுப்பைத் தொடக்கூடாது என்று உத்தரவானது. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று கணினி தானாகவே வைஃபையைத் தூங்கவைக்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்து, “டியூட்டி நேரத்துல என்னா தூக்கம்?” என்று அணைத்தார். எல்லாம் சரியான வைத்தியம்தான். முடிவில் வழக்கம்போல ஆறாம் வார்டில் சேர்த்தார்.

பள்ளி விடுமுறை வந்தது. தாமானே காலி. பெரியசாமி அண்ணன் குளுவாங்குக்கு, காமாட்சி அக்கா மகள் வீட்டுக்கு, கறிபாப் பலகாரம் விற்கும் மலாய்க்கார மக்சிக் தம் கம்பத்துக் கிராமத்துக்கு. என் லைன் பந்தயக் குதிரையாகப் பறந்தது. சிஸ்டர் மணியடித்து டிஸ்சார்ஜ் செய்தார். நான் தைரியமாக மேலதிகாரிக்கு, “ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்” என்று செய்தி அனுப்பினேன்.

விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். திங்கட்கிழமை என் லைன் பொத்தென்று விழுந்தது.

செவ்வாய் காலை சிஸ்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியை இழுத்து என் கணினிக்குப் பக்கத்தில் போட்டார். ஸ்பெஷல் டியூட்டி. நான் ஒத்திகைக்காக மாலாவின் கைபேசிக்கு வீடியோ போட்டேன். மாலா கேள்விக்குறியாக, நான் சிலையாக. சட்டைக்கு மேலே டை, கீழே கைலி.

சிஸ்டர் மோடத்தைத் தொடவே இல்லை. தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“லீவுல நல்லா இருந்தான். ஆளுங்க வந்ததும் படுத்துட்டான். இது உள்நோய் இல்ல தம்பி, விசிட்டர் தொல்லை. சுத்தியிருக்கற மோடமெல்லாம் எந்தெந்த வார்டுல இருக்குன்னு பார்க்க முடியுமா?”

கைபேசியில் அதற்கு ஒரு செயலி இருந்தது. திறந்து காட்டினேன். மற்ற எண்களெல்லாம் ஏறக்குறைய வெறிச்சென்று கிடந்தன. ஓர் எண்ணில் மட்டும் எங்கள் வரிசை மோடங்கள் அத்தனையும், தட்டில் அடுக்கிய தோசையாக ஒன்றன்மேல் ஒன்று.

“அலமாக்!” சிஸ்டர் நெஞ்சில் கைவைத்தார். “கட்டில் பத்தாம கீழ பாய் விரிச்சுப் படுக்க வச்ச மாதிரி இருக்கு! ஒருத்தன் இருமினா பத்துப் பேர் முழிச்சுக்குவான். யாரு லா இத்தனை பேர ஒரே வார்டுல அடைச்சது? எந்த நர்ஸோட வேலை இது?”

மாலா விட்டத்தைப் பார்த்தாள். நான் மாலாவைப் பார்த்தேன்.

“சிஸ்டர்… அது ஆறாம் வார்டு” என்றேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானை சறுக்கும்போது பக்கத்தில் நிற்பவன் பாடு யாருக்கும் தெரியாது. சிஸ்டரின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பயம். அந்த நேரம் பார்த்து என் கணினி மணியடித்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பவர் எங்கள் மேடம்.

“நம்ம மோடத்த மட்டும் வேற நம்பருக்கு மாத்திடலாமா சிஸ்டர்?” என்று கிசுகிசுத்தேன்.

“ஆபரேஷன் டேபிள்ல ஏத்தினப்புறம் யாராச்சும் வார்டு மாத்துவாங்களா? மோடம் அணைஞ்சு எழுந்திருக்க நேரமாகும், எழுந்திருக்காமலும் போகலாம். நீ உள்ள பேசு. வெளியில நான் பார்த்துக்கறேன்.”

மணியை எடுத்துக்கொண்டு போனார். நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மேடத்தின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. “ரவி, கேக்குதா? மறுபடியுமா?” என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதையும் மீறி ஜன்னல் வழியே வந்தது பித்தளை மணியோசை.

“விசிட்டிங் டைம் முடிஞ்சுது! எல்லாரும் வைஃபைய அடைங்க! காமாட்சி, சீரியல் எங்கயும் ஓடிப்போகாது, அடை! பெரியசாமி, மோடத்த பீரோவுலயே வச்சுப் பூட்டினாலும் சரி! மக்சிக், துத்துப் வைஃபை, துத்துப்!”

மக்சிக் ஏன் என்றுகூடக் கேட்காமல் வீட்டுக்குள் ஓடியதை, என் திரையில் எனக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலில் பார்த்தேன். பெரியசாமி அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். மணி அவருடைய காதுக்குப் பக்கத்தில் ஆடியது. ஒவ்வொரு வீடாக அடங்க அடங்க, என் திரையில் மேடத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மூக்குத்தி தெரிந்தது. பிறகு அதன் கல்லே தெரிந்தது.

நான் பேசினேன். வருஷக் கணக்கை வரிக்கு வரி சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை. லைன் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல், எங்கள் வரிசை ஆட்கள் ஒவ்வொருவராகச் சாலைக்கு வந்து என் ஜன்னலுக்கு வெளியே கூடினார்கள். கையைக் கட்டிக்கொண்டு, முகம் வாடி, சத்தமில்லாமல் நின்றார்கள். சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தபடி காவல் காத்தார்.

மேடம் பாதியில் நிறுத்தினார். “ரவி, உங்க பின்னால ஜன்னல்ல நெறையப் பேர் தெரியறாங்க. பக்கத்துல ஏதும் சாவு வீடா?”

“இல்ல மேடம். எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்காக நிக்கறாங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். கடைசியில், “லைன் இன்னிக்கு ரொம்பத் தெளிவு. இப்படியே இருந்தா வீட்லேருந்தே பாருங்க. என்ன பண்ணீங்க?” என்றார்.

“நல்ல நர்ஸ் கிடைச்சாங்க மேடம்” என்றேன்.

கணினியை மூடிவிட்டு ஜன்னலில் கட்டைவிரலைக் காட்டினேன். வெளியே மணி அடித்தது. கூட்டம் கைதட்டிவிட்டு, கல்லைக் கண்ட காக்கையாக வீட்டுக்கு வீடு பறந்தது.

சிஸ்டர் உள்ளே வந்து சமையலறையில் உட்கார்ந்தார். மாலா கோப்பி ஓ கொடுத்தாள். “என் சர்வீஸ்ல ஒரு பேஷண்டையும் நான் கோட்டை விட்டதில்ல தம்பி” என்றார். “இன்னிக்கு உன்ன விட்டிருப்பேன். கயல் புள்ள ‘அப்பா எங்க’ன்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?” கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “சரி, உக்காந்திருந்தா ஆகுமா? டிரான்ஸ்ஃபர் வேலை கிடக்கு.”

அன்று மாலைக்குள் வீடு வீடாக ஏறி, பாதிப் பேரை ஒன்றாம் வார்டுக்கும் மீதிப் பேரைப் பதினொன்றுக்கும் மாற்றினார். தவறு நடந்தது என்று வெளியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஆஸ்பத்திரிய விரிவுபடுத்தியிருக்கோம்” என்றுதான் அறிவித்தார். ஆறாம் வார்டில் தம் வீட்டு மோடத்தை மட்டும் வைத்துக்கொண்டார். சிஸ்டர் இருக்குமிடம் ஆறு என்பதில் எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

சில வருஷம் கழித்து முட்டிவலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதும், சிஸ்டரும் சேவியர் அங்கிளும் பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார்கள். இங்கே வீடு பூட்டியிருக்கிறது. அவர் அந்த ஊரில் எந்த வீட்டு மோடத்துக்குக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, கொடுத்து வைத்தவர்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புது மோடம் மாட்ட ஒருவர் வந்தார். கருவியைப் பார்த்தவர் கண்ணை விரித்தார்.

“அண்ணே, உங்க வரிசையில ஆறுல ஒரு ஆள்கூட இல்ல. சுத்தமா காலியா இருக்கு. அங்க போட்டா பறக்கும் லா!”

“வேணாங்க. அது ஆள் இருக்கற இடம்.”

“யாருண்ணே? ஒண்ணும் காட்டலையே?”

பக்கத்தில் நின்ற கயல் முந்திக்கொண்டாள். இப்போது என் தோளுக்கு வளர்ந்திருக்கிறாள். நின்றபடிதான் அளந்திருக்கிறேன். “சிஸ்டர் பாட்டியோடது. அவங்க வந்தா எங்க இருப்பாங்க?” என்றாள்.

வந்தவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பதினொன்றில் போட்டுக்கொடுத்தார். வரிசையில் மற்ற வீட்டுக்காரர்களும் அப்படித்தான் சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சிஸ்டர், முட்டி தேவலையானால் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். எங்கள் மோடங்களுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்குத்தான் உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.